நதியாவின் நடை

"பன்னெண்டு தாள்தானே சொன்னே? போட்டோவுல பதிமூணு அனுப்பியிருக்கியே," என்றான் லோகேஷ் போனில்.

அவன் சென்னையில் செய்யும் வீடியோ கேமுக்கு நதியா பிள்ளையார்பாளையத்து மாடி அறையிலிருந்து ஒரு பேயை வரைந்துகொண்டிருந்தாள். தாளுக்கு ஓர் அசைவு. பன்னிரண்டு தாளைப் புரட்டினால் பேய் நடக்கும். நடை உயிரோடு வரவேண்டுமென்று, தான் நடப்பதையே போனில் படம்பிடித்து, அதைப் பார்த்து வரைந்திருந்தாள். இடது காலை லேசாக இழுக்கும் அவளுடைய சொந்த நடை.

"ஆறு மணிக்குள்ள சரியா பன்னெண்டு வரலன்னா கம்ப்யூட்டரையே வரையச் சொல்லிடுவேன்மா."

"சொல்லித்தான் பாரேன். என் கை போடுற கோடு அதுக்கு வருதான்னு பார்க்கலாம்."

கொழுப்புதான். ஆனால் கைத்திறமை தந்த கொழுப்பு.

மழை ஓட்டில் கொட்ட, பக்கத்து வீட்டுத் தறி விடாமல் தடதடக்க, சீவிய பென்சிலின் மரவாசனைக்கு நடுவே, அடியிலிருந்து வெளிச்சம் விடும் கண்ணாடிப் பலகையில் தாள்களை அடுக்கி விரலிடுக்கில் புரட்டினாள். பன்னிரண்டு வரை பேய் நடந்தது. பதின்மூன்றில் நின்று, அவளைத் திரும்பிப் பார்த்தது. கோடு அவளுடையதுதான். அவள் வரையவில்லை.

தறி நின்றது.

ஆத்திரம் பொங்கியது. "யார் வூட்டுல வந்து யாரை மிரட்டுற? நான் போட்ட காலுதானே? இப்ப நடடி, பார்க்கலாம்!"

ரப்பரை எடுத்து, தாளில் பேயின் முழங்காலுக்குக் கீழே தேய்த்து அழித்தாள். தூளை ஊதினாள்.

பாதம் சில்லிட்டது. எழப் பார்த்தாள். முடியவில்லை. குனிந்தாள்.

முழங்காலுக்குக் கீழே நைட்டி வெறுமனே தொங்கியது. வலி இல்லை. ரத்தம் இல்லை. தரையில் ரப்பர் தூள்.

பேய்க்குத் தந்தது தன் நடையை மட்டுமல்ல, தன் காலையே என்பது அப்போதுதான் உறைத்தது.

"கை இருக்குதில்ல எனக்கு," என்று பென்சிலை எடுத்தாள்.

தாளில் இடது குதிகாலை வரைந்தாள். தன் குதிகாலில் சூடு ஏறியது. ஒரு விரல். இன்னொரு விரல். போன் அடித்தது. எடுக்கவில்லை.

தாளில் பேயின் இடது கையில் இப்போது ஒரு ரப்பர் இருந்தது. தன் வலது கையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தது. பொறுமையாக.

நதியாவின் பென்சில் நழுவி உருண்டது. பிடிக்க விரல் இல்லை.

இடது கையால் எடுத்தாள். கோணலாக வந்தது கோடு. வரட்டும். வரைந்தாள்.

தாளில் அது சிரித்தது. ரப்பரை மெல்லத் தூக்கி, தன் கண்ணில் வைத்தது.