வலி போன வீடு

கூடத்தில் வாளி காய்ந்திருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நீல வாளியில் பனிக்கட்டித் தண்ணீர் இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை. அதற்குள் எப்போதும் நாலு பாதம் கிடக்கும், புருஷனுடையது இரண்டு, ஆறு வயது மகளுடையது இரண்டு. அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே சாபம். வெயில் பட்டால் போதும், போர்வை உரசினால் போதும், பாதம் வெந்த மாதிரி சிவந்துவிடும். அப்புறம் அலறல். அந்த அலறலைக் கேட்டுக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

நரம்பு டாக்டர் போன வாரம்தான் விளக்கியிருந்தார். "நரம்பு முனையில சின்னச் சின்னக் கதவு இருக்கும்மா. சூடு பட்டா கதவு திறக்கும், சோடியம் உள்ள பாயும், வலிக்குதுன்னு மூளைக்குச் சேதி ஓடும். இவங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கதவு ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் திறந்துக்குது. இந்த மாத்திரை கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. இன்னும் சோதனையிலதான் இருக்கு, உங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தர முடியும்."

"குழந்தைக்கு?"

"கூடவே கூடாது. பெரியவங்க கண்ணால பாத்து நடந்துப்பாங்க. குழந்தை சுட்டாத்தானே கையை எடுக்கும்?"

பெரிய மேதாவி! விடிய விடிய அலறுவது அவர் பெற்ற பிள்ளையா என்ன? நாள் முழுக்கக் கால் சென்டரில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் வசவை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்தால் இங்கேயும் கூச்சல் என்றால் ஒருத்தி எத்தனை நாள்தான் தாங்குவாள்? இன்று காலை புருஷன் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகு, வேலைக்குக் கிளம்புமுன் அதே அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்தாள். சர்க்கரையில் குழைத்து மகள் வாயில் ஊட்டினாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது வாளி காய்ந்து கிடந்தது. வீடு அமைதியாக இருந்தது.

அந்த வீட்டில் சத்தம் என்றால் ஆபத்து, அமைதி என்றால் நல்ல சேதி. இத்தனை வருஷமாக அவள் பழகிய கணக்கு அதுதான். அதனால் அவள் பதறவில்லை. நிதானமாக டீ போட்டு, சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குளிர்சாதனப் பெட்டி முனகுவதையும் குழாய் சொட்டுவதையும் ஜன்னல் திரை காற்றில் உரசுவதையும், இதெல்லாம் தன் வீட்டில் இருக்கும் சத்தங்களா என்ற ஆச்சரியத்தோடு கேட்டபடி, ஆற அமரக் குடித்தாள். பின்னறையிலிருந்து மகள் தனக்குத்தானே பேசிச் சிரிப்பது கேட்டது. பிள்ளை சிரிக்கிறது! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய்ப் பார்க்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று இரண்டாவது டம்ளரும் ஊற்றிக்கொண்டாள்.

படுக்கையறையில் புருஷன் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் விளக்கைப் போடாமலே உள்ளே போனாள். கட்டில் விளிம்பைத் தாண்டிப் பாதங்கள் நீட்டியிருந்தன. உள்ளங்காலில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளிகள், பூக்கோலம் மாதிரி வரிசையாக. மகளின் வேலை. ஸ்டிக்கரை ஒட்டி விளையாடியிருக்கிறாள், வாலு. அவள் சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிய்த்தெடுக்கக் குனிந்தாள்.

வரவில்லை. இன்னும் இழுத்தாள். பிசுபிசுவென்று ஏதோ விரலில் ஒட்டியது. ஈர இரும்பின் வாடை. மெதுவாக, நீளமாக, ஒரு குண்டூசி வெளியே வந்தது.

அவளுடைய தையல் பெட்டிக் குண்டூசிகள். தலையில் வண்ண மணி வைத்தவை. அந்தப் பெட்டியை அவள் ஒளித்து வைத்ததே இல்லை. வெந்நீரை ஒளித்தாள், காலுறையை ஒளித்தாள், வெயில் வரும் ஜன்னலை அடைத்தாள். வாளியை விட்டு எழாத பிள்ளை அலமாரியைத் திறக்கும் என்று யார் கண்டது?

"ஏங்க... ஏங்க, எழுந்திருங்க. கால அசைக்காதீங்க."

அவன் கண் விழித்துச் சிரித்தான். "வந்துட்டியா? என்னா தூக்கம்! பத்து வருஷத் தூக்கம். கால்ல ஏதோ ஒட்டியிருக்கு பாரு."

"வேணாங்க, இறங்காதீங்க!"

இறங்கிவிட்டான். எழுந்து நின்று சோம்பல் முறித்தான். முழு எடையும் பாதத்தில். ஏதோ உள்ளே ஏறும் மெல்லிய சத்தம் கேட்டது. அவன் கொட்டாவி விட்டான்.

"குட்டி எங்க?" அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"பின்னால விளையாடுது. காலையிலேர்ந்து சத்தமே இல்ல, கவனிச்சியா? நல்ல பிள்ளை."

அவள் ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

தரையில் தையல் பெட்டி. கொட்டிய நூல்கண்டுகள். நடுவில் மகள், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஏதோ பாட்டை முனகிக்கொண்டு. வலது கை மேலே போனது. இறங்கியது. மேலே போனது.

"செல்லம்..."

மகள் திரும்பினாள். முகம் பூரித்திருந்தது. இடது கையை உயர்த்திக் காட்டினாள். உள்ளங்கையோடு பொம்மை இருந்தது. பொம்மையின் துணிக் கையும் பிள்ளையின் தோலும் சேர்த்து, நெருக்கமாக, சிவப்பு நூலில் தையல். நூல் முதலில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

"இனிமே பாப்பா தொலையவே தொலையாதும்மா. நானே தெச்சேன். நீயும் கையைக் குடு."

அவள் கை தானாகவே நீண்டது. ஊசியைப் பிடுங்கத்தான். மகளின் விரல்கள் முந்திக்கொண்டன. ஊசி அவள் உள்ளங்கையில் இறங்கியது.

அலறினாள்.

அப்படி ஒரு சத்தத்தை அன்றுதான் முதல்தடவை கேட்பவள்போல மகள் அவளை வியப்போடு பார்த்தாள். பிறகு அந்தச் சின்ன முகம் வாடியது. இரக்கம்.

"ஐயோ, அம்மாவுக்கு வலிக்குது. அப்பா! அம்மாவுக்கும் மாத்திரை குடுங்கப்பா!"

"இதோ வரேன்டா."

மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. பின்னால் நடை தொடங்கியது. மணிகள் தரையில் படும் சத்தம். டக். டக். டக். புருஷன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான், அன்பாகச் சிரித்துக்கொண்டு, ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு. அவன் வந்த வழியெல்லாம் தரை ஈரமாக இருந்தது.

"வாயைத் தொற," என்றான்.

கீழே மகள் அவள் கையை மடியில் இறுக்கிப் பிடித்து, அடுத்த தையலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.