நாலு விரல் இடைவெளி

டிக்கியின் மூடி மெல்ல இறங்கி வந்தது. முழுதாக மூட நாலு விரல் இடைவெளி இருக்கும்போது நின்றது, எதன் மேலோ இடித்துக்கொண்டதைப் போல இரண்டு முறை முனகியது, பிறகு மறுபடி மேலே போய்விட்டது. நடுவில் எதுவுமே இல்லை. கேக் அக்கா குனிந்து பார்த்தாள், ரப்பர் ஓரத்தைத் துணியால் துடைத்தாள், பொத்தானை மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே இடம், அதே நாலு விரல், அதே முனகல். நாலாவது தடவைதான் மூடியது. அதுவும் ஏதோ மனமில்லாமல் வழிவிட்ட மாதிரி மூடியது.

குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் கேக் அக்காதான். மூன்றாவது மாடிச் சமையலறையில் கேக் செய்து, அடித்தளத்தில் நிற்கும் எலெக்ட்ரிக் செடானில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கார் வாங்கும்போது, மோட்டார் வைத்த டிக்கி மூடி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். அதற்கு வீட்டில் நடந்த வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல.

"பெரிய காருக்கு வச்சாலும் ஒரு நியாயம் இருக்கு. செடானுக்கு எதுக்கு? ஒரு விரலால தூக்கினா திறக்குது, ஒரு தட்டு தட்டினா மூடுது. இதுக்கு ஒரு மோட்டாரா?" என்றார் கணவர்.

"ரெண்டு கையிலயும் மூணு அடுக்கு கேக்கப் புடிச்சுக்கிட்டு நீங்க ஒரு விரலால தூக்கிக் காட்டுங்க, பாப்போம்."

"அப்ப காலால திறக்கப்போற. மகாராணிதான் போ."

காலால்தான் திறந்தாள். பம்பருக்கு அடியில் பாதத்தை ஒரு வீசு வீசினால் மூடி எழும், இன்னொரு வீசு வீசினால் இறங்கும். இறங்கும்போது ஏதாவது மறந்துவிட்டால் கையைக் குறுக்கே நீட்டுவாள். கை பட்டதும் அது பின்வாங்கிக்கொள்ளும். ஒரு வருஷத்தில் அது அவள் கைக்கு அப்படிப் பழகிப்போயிருந்தது.

அன்றைக்குக் கொண்டுபோனது பல் டாக்டரம்மாவின் மகள் பிறந்தநாள் கேக். வெள்ளைக் க்ரீம், விளிம்பைச் சுற்றி வெள்ளிநிறச் சர்க்கரை முத்துகள். அவ்வளவு முத்துகளையும் ஒவ்வொன்றாகக் கையால் பதித்திருந்தாள். டாக்டரம்மாவின் வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்து பெட்டியைத் தன் பக்கம் திருப்பியபோது, கேக்கின் பின்பக்கத்தில் நாலு கோடுகள் இழுபட்டிருப்பதைப் பார்த்தாள். யாரோ கைவிட்டு வழித்த மாதிரி.

கேக் செய்கிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. க்ரீமில் பள்ளத்தைக் கண்டால் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கை முதலில் கத்தியைத்தான் தேடும். அவளும் க்ரீம் கத்தியை எடுத்து, இரண்டே இழுப்பில் தடவி மூடினாள். கத்தியின் அடியில் ஏதோ ஒன்று கடினமாக நெருடியது. உதிர்ந்த முத்தாக இருக்கும் என்று நினைத்து அதையும் சேர்த்து அமுக்கிவிட்டாள்.

சாயந்திரம் டாக்டரம்மா போன் செய்தார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"ஏம்மா, உன் கேக்குல நகம் இருந்துச்சு."

"நகமா? இருக்காதுங்க. நான் ஒட்ட வெட்டிட்டுத்தான் கைவைப்பேன்."

"வெட்டின துண்டு இல்லம்மா. வேரோட கழண்டு வந்த முழு நகம். அடியில கொஞ்சம் சதை இருக்கு, நீலக் கலர் ஏதோ ஒட்டியிருக்கு. என் பொண்ணு மென்னுட்டுத் துப்பினா."

கேக் அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பத்து நகமும் இருந்தன. நீலச் சாயத்தை அவள் தொட்டே மாதக்கணக்காகிறது.

"வெளிய யார்கிட்டயும் சொல்லல. கிளினிக் விழா அடுத்த வாரம், இனிமே வேற ஆள் தேட எனக்கு நேரமில்ல. அந்த கேக்க நீயே செஞ்சு குடு. ஆனா இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்மா, சொல்லிட்டேன்" என்றார் டாக்டரம்மா.

அந்த ஊரில் அவளுடைய பாதி வாடிக்கை டாக்டரம்மா வாயால் வந்தது. அந்த வாய் ஒரு தரம் "நகம்" என்று சொன்னால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

மறுநாள் டிக்கியைத் திறந்தபோது நாற்றம் அடித்தது. கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அவளுக்குத் தெரியும். இது அது மட்டுமல்ல. மின்சாரம் போன குளிர்பெட்டியில் மறந்துபோன இறைச்சியின் மேல் யாரோ வனிலாவைக் கொட்டியது போல, இனிப்பும் அழுகலும் ஒன்றாக மூக்கில் ஏறி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தரைவிரிப்பைப் பெயர்த்தாள், வினிகரில் தேய்த்தாள், சமையல் சோடா தூவினாள். விரிப்புக்கு அடியில் தகரம் சுத்தமாக, உலர்ந்து பளபளத்தது. ஆனால் நாற்றம் அப்படியே இருந்தது, மூடியும் நாலு விரலில் நின்று முனகிக்கொண்டே இருந்தது.

கார் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கும் கொழுந்தன் வந்து, காரோடு ஒரு கையடக்கத் திரையை இணைத்துப் பார்த்தான்.

"சென்சார் சும்மா நிழலக் கண்டு பயப்படுது அண்ணி. ஏதோ தட்டுதுன்னு நினைச்சுக்கிட்டுத் திரும்பிப் போகுது. அதோட பயத்தை எடுத்துவிட்டு, அழுத்தத்தை முழுசா ஏத்திடறேன். இனிமே எது இருந்தாலும் மூடிட்டுத்தான் நிக்கும்."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"கைய மட்டும் குடுத்துடாதீங்க" என்று சிரித்தான்.

பொத்தானை அழுத்தினான். மூடி இறங்கியது. நாலு விரலில் ஒரு கணம் தயங்கியது. மோட்டாரின் ஒலி அடித்தொண்டைக்கு இறங்கியது. பிறகு பச்சையும் காய்ந்ததுமாக ஏதோ ஒன்று நொறுங்கியது, ஈரத்துணிக்குள் சுற்றி வைத்த பிஸ்கட்டை மிதித்த மாதிரி. மூடி பூட்டிக்கொண்டது.

கொழுந்தனின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "ரப்பர்தான் அண்ணி" என்றான். ஆனால் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

திறந்து பார்த்தார்கள். உள்ளே எதுவும் இல்லை. பூட்டுக் கொக்கியில் மட்டும் ஏதோ பிசுபிசுத்தது. கேக் அக்கா துணியால் துடைத்தாள். துணி வெதுவெதுப்பாக இருந்தது. அவள் தூணுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். கொழுந்தன் திரையின் வயரைச் சுருட்டிக்கொண்டு, கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

அந்த வாரம் முழுவதும் அவளால் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. புது வெண்ணெய்க் கட்டியைப் பிரித்தாலும் அந்த வாடைதான் வந்தது. க்ரீம் அடிக்கும் இயந்திரம் சுற்றும்போது கிண்ணத்துக்குள் வெள்ளையாகப் புரள்வதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அருவருப்பு. தன் கைமேலேயே அருவருப்பு. சோப்புப் போட்டுச் சோப்புப் போட்டு விரலிடுக்கு வெளுத்துப்போனது.

"எனக்கு ஒரு நாத்தமும் வரலையே. இருந்தாலும் சொல்றேன், கையால மூடற டிக்கியா இருந்திருந்தா இந்தப் பாடே இல்ல" என்றார் கணவர்.

அவள் மறுபடி கை கழுவப் போனாள்.

விழா நாளன்று மதியமே கேக் தயாராகிவிட்டது. கிளினிக்கின் நிறம் நீலம். அதனால் கேக்கும் மேலிருந்து கீழ்வரை நீலம், முத்து கித்து எதுவும் இல்லை, மேலே ஒரு பல்லின் படம் மட்டும். நீலச் சாயம் லேசில் போகாத சனியன். நகக்கண்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது, எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. தேய்த்துக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். டாக்டரம்மா போனில் சொன்ன ஏதோ ஒன்று நினைவுக்கு வருவது போல இருந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது.

அடித்தளத்தில் அந்த நேரத்தில் யாரும் இருப்பதில்லை. மேலே குழல்விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது, எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கும் ஓசை, ஈரச் சிமெண்டின் வாடை. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. காலை வீசினாள். மூடி எழுந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கேக்கை உள்ளே நன்றாகத் தள்ளி, சீட்டை ஒட்டி வைத்தாள். போனையும் சாவியையும் போட்டிருந்த பையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

இந்தத் தடவை பார்க்காமல் கிளம்ப மாட்டேன் என்று நினைத்தாள். உள்ளே குனிந்து, கழுத்தை நீட்டி, கேக்கின் பின்பக்கத்தை நன்றாகப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது.

அப்படிக் குனிந்ததில் அவள் பாதம் பம்பருக்கு அடியில் நகர்ந்திருந்தது.

பீப்.

மூடி முதுகில் இடித்தது. சட்டென்று தலையையும் உடம்பையும் வெளியே இழுத்துக்கொண்டாள். பை உள்ளே இருந்தது. பை. வழக்கம்போல வலது கையைக் குறுக்கே நீட்டினாள். கை பட்டால் அது பின்வாங்கிக்கொள்ளும்.

பின்வாங்கவில்லை.

நாலு விரலில் ஒரு கணம் தயங்கியது. மோட்டார் அடித்தொண்டைக்கு இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டது. ஈரத்துணிக்குள் பிஸ்கட். அவளுக்கு முதலில் வலி தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன் என்பதுதான் தெரிந்தது.

பிறகு வலி வந்தது.

காலை வீசினாள். மறுபடி வீசினாள். செருப்பு கழன்று காருக்கு அடியில் போனது. மூடி அசையவில்லை. கத்தினாள், தூண்கள் அதைத் திருப்பிக் கத்தின. பையில் போன் அடித்தது. கணவராக இருக்கும், டாக்டரம்மாவாக இருக்கும். இடது கையால் மூடியைத் தூக்கப் பார்த்தாள். வலது கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மோதிரவிரல் பூட்டுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. இன்னும் இழுத்தாள். ஏதோ ஒன்று, வேகவைத்த பாதாமின் தோலைப் போல, வழுக்கிக்கொண்டு கழன்றது.

நகம்.

நீலம் படிந்த நகம். இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது.

இடைவெளி வழியாக அந்த நாற்றம் அவள் முகத்தில் வந்து மோதியது. இனிப்பு, அழுகல், வனிலா. அவளுடைய கையிலிருந்துதான் வந்தது. உள்ளே எதையும் பார்க்க முடியவில்லை, இருட்டு. நொறுங்கிய விரல்களுக்குத்தான் தெரிந்தது. அவை துடித்து, எதிலோ பதிந்தன. குளிர்ச்சி. மெத்தென்ற குளிர்ச்சி. க்ரீம்.

நீலக் கேக்கைக் கை எட்டாத தூரத்தில் வைத்திருந்தாள். சீட்டை ஒட்டி வைத்திருந்தாள்.

விரல்கள் இழுபட்டன. நாலு கோடுகள். ஓரத்தில் ஏதோ நெருடியது. சின்னதாக, உருண்டையாக, வரிசையாக. சர்க்கரை முத்துகள். அவள் ஒவ்வொன்றாகக் கையால் பதித்த முத்துகள்.

அவள் அசையாமல் நின்றாள். போன் அடித்து ஓய்ந்தது.

அப்போது உள்ளே, சில்லென்று, தட்டையாக ஒரு கத்தி வந்து அவள் விரல்களின் மேல் படிந்தது. கொஞ்சமும் நடுங்காத, தொழில் தெரிந்த கை. அது ஏன் என்று கேட்கவில்லை. நகத்தை அமுக்கியது, விரல்களை அமுக்கியது, இரண்டே இழுப்பில் எல்லாவற்றையும் தடவி மூடியது.