நான்காம் களிம்பு

அந்த எலியின் காதில் ஓட்டை இல்லை.

எலிகள் வந்து இறங்கிய அன்றே காதில் சின்னதாக ஓர் ஓட்டை போடுவது அவளுடைய வேலை. இடது காதில் இருந்தால் முதல் எலி, வலது காதில் இருந்தால் இரண்டாவது எலி என்று ஒரு கணக்கு. பெயர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணோடு நிறுத்திக்கொள்வாள். வியாழக்கிழமை காலை, அனிமல் ஹவுஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்த நீள அறையில் நான்காம் கூண்டைத் திறந்து பார்த்தால், ஆறு எலிகளுக்கும் காது முழுசாக இருந்தது. யாரோ எலியை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஒன்றைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். ஆறு நாளுக்கு முன்னால் அவளே மயக்க மருந்து கொடுத்து, ஒரு நாணயம் அளவுக்குத் தோலை எடுத்துப் புண்ணாக்கிய முதுகு அது. சாதாரணமாக மூட பதினாறு நாள் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் புண்ணின் மேல் கண்ணாடித் தாளை வைத்து ஓரத்தை வரைந்து, கட்டம் போட்ட தாளில் வைத்து எத்தனை கட்டம் என்று எண்ணுவாள். அதனால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் ‘கட்டம்’ என்றே பெயர். இன்றைக்கு எண்ணுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பொருக்கும் இல்லை, தழும்பும் இல்லை. ரோமம் முளைக்காத, வழவழப்பான தோல் இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. மரத்தூள் வாடையையும் எலி மூத்திர நெடியையும் தாண்டி, பச்சிலையும் கருகிய எண்ணெயும் கலந்த களிம்பு வாசனை அந்தத் தோலிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது.

ஏழு பழைய மூலிகை மருந்துகளை வாங்கி எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நான்காவதைத் தவிர மற்ற ஆறும் சொதப்பல். நான்காவதில் ஐந்து இலை, ஒரு வேர். இலைகளின் பெயர் தெரியும், வேரின் பெயர் தெரியாது. ‘இலைதழை ஆராய்ச்சி’ என்று நக்கல் அடித்த அத்தனை பேர் முகத்திலும் கரியைப் பூசலாம் என்று அவளுக்கு ஒரே குஷி. கண்ணாடித் தாளை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

“இதுல ஒண்ணுமே இல்லயேம்மா,” என்றார் அவர்.

“அதான் சார் விஷயம்.”

அவர் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “சந்தோஷம். இன்னும் நாலு தடவ செஞ்சு பாக்கணும். அப்புறம் வேற மிருகம். மனுஷங்ககிட்ட போக ரெண்டு மூணு வருஷம் ஆகும்.”

“திங்கக்கிழம எங்கம்மா கால வெட்டப்போறாங்க சார்.”

“தெரியும்மா. ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத.”

சாயங்காலம் கிளம்பும்போது களிம்பு ஜாடி அவள் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. கொஞ்சம்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை, கோபம்தான் இருந்தது.

அம்மா தையல்காரி. தெருவைப் பார்த்த முன்னறையில் காலால் மிதிக்கும் தையல் மெஷின் போட்டு, அதில் தைத்துத்தான் மகளைப் படிக்கவைத்தாள். எட்டு மாதமாகக் குதிகாலில் ஆறாத புண். அறையில் துணியின் கஞ்சி வாசனை போய்ப் பிளாஸ்திரி நாற்றம் குடியேறிவிட்டது. மோட்டார் வாங்கித் தருகிறேன் என்று மகள் சொன்னதற்கு, “அது ஓடும், நான் சும்மா உக்காந்து வேடிக்க பாக்கணுமா?” என்று வாயை அடைத்துவிட்டாள்.

“முழங்காலுக்குக் கீழதானாம்,” என்றாள் அம்மா. “அந்த டாக்டருக்கு அது கொஞ்சமாத் தெரியுது.”

“வெட்ட விடமாட்டேன்.”

“நீ என்னடி விடறது? எங்காலு. நான் குடுக்கமாட்டேன்.”

கையுறை போட்டால் புண்ணின் ஓரம் விரலுக்குத் தெரியாது. வெறும் விரலால்தான் அவள் களிம்பைத் தடவிக் கட்டுப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை நான்காம் கூண்டில் எலிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. அறைக்குள் நுழையும்போதே கிறீச்சென்ற சின்னச் சத்தம், பிறகு அமைதி, பிறகு மறுபடியும் அதே சத்தம். ஆறின் முதுகிலும் ரத்தம். நின்று பார்த்தவளுக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. கடிபட்ட எலி ஓடவில்லை. கிட்டே வந்து, முதுகைத் திருப்பிக் கொடுத்தது. இருந்தாலும் சண்டை போடும் எலிகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது விதி. காலிக் கூண்டு நான்குதான் கிடைத்தது. நான்கைத் தனியாகப் போட்டுவிட்டு, இரண்டை மட்டும் சேர்ந்தே இருக்க விட்டாள். பதிவேட்டில் ‘சண்டை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டைப் பிரித்தபோது அம்மாவின் குதிகால் குழந்தையின் குதிகால்போல் இருந்தது. அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு காலையும் மெஷினில் வைத்து மிதித்தாள். அழுதாள், சிரித்தாள், ஒரு தலையணை உறையைத் தைத்தே முடித்துவிட்டாள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது.

“ஆனா ஒண்ணுடி,” என்றாள் அம்மா, கையில் தோட்டை வைத்துக்கொண்டு. “காது தூந்துபோச்சு. நாப்பது வருஷ ஓட்ட. உன் மருந்து புதுசா தொழில் பழகுறவ மாதிரி. கிழிசலையும் தெக்குது, பட்டன் ஓட்டையையும் சேத்துத் தெக்குது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எலியின் காது அவள் நினைவுக்கு வந்தது. காதுதானே, போனால் போகட்டும் என்று அந்த நினைப்பை அங்கேயே அமுக்கினாள்.

திங்கட்கிழமை காலை அம்மா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார்.

“என்ன போட்டீங்க?”

“வெட்டறதுக்கு இன்னைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க,” என்றாள் மகள். சொல்லும்போது உதட்டின் இடது ஓரம் லேசாக இழுத்தது. வறட்சி என்று நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். அம்மாவை வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது மணி பதினொன்று.

அனிமல் ஹவுஸில் நல்ல வெளிச்சம் இருந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம், மற்றக் கூண்டுகளில் மரத்தூளைப் பிராண்டுகிற சத்தம், தண்ணீர்க் குழாயை நக்குகிற சத்தம் எல்லாம் வழக்கம்போல் கேட்டன. தனியாகப் பிரித்த நான்கு கூண்டுகளில் மட்டும் எந்தச் சத்தமும் இல்லை. தண்ணீர் நிறைந்தபடி இருந்தது, தீனி போட்டபடி கிடந்தது.

முதல் கூண்டிலிருந்த எலியைக் கையில் எடுத்தாள். விறைத்திருந்தது. முகத்தைத் திருப்பினாள்.

கண் இருந்த இடத்தில் தோல். வாய் இருந்த இடத்தில் தோல். மீசை மயிர் மட்டும் அந்த வழவழப்பில் நட்டுக்கொண்டு நின்றது.

இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும். நான்காவது இன்னும் சூடாக இருந்தது. அதன் விலா ஒருமுறை ஏறி, இறங்காமல் நின்றது.

அப்போது அந்தக் கிறீச் சத்தம் கேட்டது. சேர்த்து விட்ட இரண்டு எலிகளும் உயிரோடு இருந்தன. உடம்பெல்லாம் ரத்தம். கண்கள் திறந்திருந்தன, பளபளவென்று. ஒன்று முதுகைக் காட்டியது, மற்றது கடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, கடித்தது முதுகைக் காட்டியது.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது. புண் இருக்கிறவரை மருந்துக்கு அங்கே வேலை இருக்கிறது. புண் ஆறிவிட்டால் அது சும்மா இருக்காது, அடுத்த திறப்பைத் தேடும். எலிகளுக்கு அது தெரிந்திருந்தது. ஒன்றையொன்று காப்பாற்றிக்கொண்டிருந்தன. பிரித்தது அவள்.

அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப்பட்டது.

“அம்மா?”

பின்னால் மெஷின் ஓடும் சத்தம், கடகடவென்று, ஒரே சீராக.

“அம்மா, பேசும்மா.”

மெஷின் நின்றது. எங்கோ ஒரு மெல்லிய சீழ்க்கை. மூச்சு. மிகச் சின்ன ஓட்டை வழியாக இழுக்கப்படும் மூச்சு. அது மெலிந்துகொண்டே போனது. மெலிந்தது. நின்றது.

பிறகு மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவள் ஓடினாள். நடுப்பகல், தெருவில் ஆட்கள், கடைகள், யாரோ அவள் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பாதிதான் திறந்தது. தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. ஓடுகிறது. ஓடுகிறது என்றால் அம்மா இருக்கிறாள். விட்டுக்கொடுக்கமாட்டாள். அவள் அம்மா விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

கதவு திறந்திருந்தது.

அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்து நிமிர்ந்திருந்தது. இரண்டு கால்களும் மிதித்தன. மெஷின் பலகையிலிருந்து சிவப்பாக ஏதோ தரையில் சொட்டியது. ஊசிக்குக் கீழே துணி இல்லை.

அம்மாவின் இடது கை இருந்தது.

விரித்து வைத்த புறங்கை. ஊசி ஏறி இறங்கியது. ஒரு துளை. அடுத்த துளை விழுமுன் முந்தைய துளை மூடியது. மறுபடி துளை. மறுபடி. எப்போதோ ஊசி தவறி விரலில் இறங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் மூச்சு திரும்பியிருக்க வேண்டும். அம்மா அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

அவள் சுற்றி வந்து முகத்தைப் பார்த்தாள்.

வாய் இல்லை. வலது கண் இல்லை. இடது கண் ஒரு கீற்று. மூக்கில் இரண்டு துளைகள், ஊசிமுனை அளவுக்கு. கால் மிதிக்க மிதிக்க அவை திறந்தே இருந்தன.

அவள் போனை எடுத்தாள். டாக்டர். காலை வெட்டி எடுத்துவிட்டால், அந்தப் பெரிய புண்ணில் மருந்துக்கு வேலை இருக்கும், ஒருவேளை. எண்ணைத் தேடினாள். அம்மாவின் வலது கை வந்து போனைத் தட்டிவிட்டது. அந்த ஒற்றைக் கீற்றுக் கண்ணில் கெஞ்சலே இல்லை. எங்காலு, குடுக்கமாட்டேன் என்று அது சொன்னது.

போனைப் பொறுக்கப் போனாள். முடியவில்லை. களிம்பு தொட்ட விரலும் பக்கத்து விரலும் நகம்வரை ஒன்றாகியிருந்தன. அம்மா என்று கூப்பிட்டாள். சத்தம் தொண்டைக்குள்ளேயே சுற்றியது. உதட்டைத் தொட்டாள். வழவழப்பு. இன்னொரு ஓரத்தைத் தொட்டாள். அங்கும்.

மூக்கால் மூச்சை இழுத்தாள். சீழ்க்கை அடித்தது.

அம்மா அதைக் கேட்டாள். கால்கள் நிற்கவில்லை. கையை மட்டும் ஒரு விரல் அகலம் தள்ளி வைத்து, ஊசிக்குக் கீழே மகளுக்கு இடம் விட்டாள்.