எல்லா பஸ்ஸுக்கும் டாட்டா

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் கழுகு. நல்ல பெயர்தான். பள்ளியில் எனக்கு வைத்த பெயரோடு ஒப்பிட்டால் மகாராஜா பெயர். அது என்னவென்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

புதுப் பள்ளியில் அவள் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கண் பரிசோதனைக்கு ஓர் ஆள் வந்தார். சுவரில் எழுத்து அட்டையை மாட்டினார். உச்சியில் பானை அளவுக்கு ஒரு 'ட'. கீழே போகப் போக எழுத்துகள் இளைத்து, கடைசி வரியில் எறும்பாகிவிடும். எல்லோரும் எறும்புகளிடம் வந்ததும் திக்கினார்கள். இவள் மட்டும் மூச்சு விடாமல் கடைசி வரைக்கும் ஒப்பித்துவிட்டாள்.

"அடேயப்பா! இது கண்ணா, கழுகா?" என்றார் அவர்.

"அப்போ நீ கடைசி பெஞ்சுக்குப் போம்மா. கண்ணு சரியாத் தெரியாதவங்க முன்னாடி வரட்டும்" என்றார் டீச்சர்.

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் கரும்பலகையில் வெள்ளையாக ஏதோ புகை மாதிரி இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். 'மத்தவங்க கெட்டிக்காரங்க, புகையைப் பார்த்தே எழுதிடுறாங்க. நான்தான் மக்கு.'

பிறகு எப்படி அட்டையைப் படித்தாள்?

அவள் அப்பா பஸ் ஓட்டுபவர். ஓட்டுநர்களுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை உண்டு. பணிமனையில் தூக்கிப் போட்ட ஒரு பழைய அட்டையை அவர் கொண்டுவந்து சமையலறைக் கதவில் மாட்டியிருந்தார். கழுகு கதவுக்குப் பக்கத்தில் நின்று எழுத்துக் கற்றுக்கொண்டதே அதில்தான். பள்ளிக்கு வந்ததும் அதே அட்டை. பார்த்ததும் வாய் தானாக ஓடியது. பாவம், கண்ணுக்கு வேலையே வரவில்லை.

பெயர் கிடைத்தது, ஆனால் சிநேகிதி கிடைக்கவில்லை. மைதானத்தில் யாராவது தூரத்திலிருந்து கூப்பிடுவது போலிருக்கும். யார், யாரை என்று தெரியாது. நம்மை இல்லை என்று நினைத்து அவள் குனிந்துகொள்வாள். போகப் போக அந்தக் கூப்பாடும் நின்றுவிட்டது.

மாலையில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மா தையல் ஆலையிலிருந்து வர இருட்டிவிடும். கழுகு மாடி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சாலை வழியாகத்தான் அப்பாவின் பஸ் போகும். "போகும்போது கை காட்டுறேன், நீயும் காட்டு" என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஆனால் அவளுக்கு எல்லாமே ஒரே சிவப்புப் பெட்டிதான். அதனால் வருகிற பஸ்ஸுக்கெல்லாம் டாட்டா காட்டினாள். மற்ற ஓட்டுநர்கள் அப்பாவிடம், "உன் பொண்ணு எங்களையும் விடறதில்லப்பா!" என்று சிரித்தார்கள். "மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்று அவருக்கு ஒரே பெருமை.

பஸ் போன பிறகு தெரு மறுபடி வெறிச்சோடிவிடும். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியிலேயே வைத்துக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை, கீழே கடையில் சோப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். சுருட்டை முடிக்காரி ஒருத்தி வந்து முகத்துக்கு நேரே நின்றாள். அதே வகுப்பு, முன் பெஞ்சு. பெயரும் சுருட்டைதான்.

"உனக்கு என்ன அவ்வளவு திமிரு?" என்றாள் சுருட்டை. அவள் மூக்கு சிவந்திருந்தது.

"எனக்கா?"

"பின்ன, சோப்புக்கா? நீ வந்த நாள்லேர்ந்து நான் எங்க ஜன்னல்லேர்ந்து கை காட்டுறேன். பஸ்ஸுக்கெல்லாம் டாட்டா காட்டுற. எனக்கு மட்டும் காட்ட மாட்டேங்குற!"

"உங்க வீடு எது?"

"எதிர்ல இருக்கற மஞ்சள் வீடு! தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு."

மஞ்சள் வீடு கழுகுக்குத் தெரியும். ஜன்னலும் தெரியும், கறுப்பாக ஒரு கட்டம். அதற்குள் ஆள் தெரியும் என்று யார் கண்டார்கள்?

"அங்கேர்ந்து பார்த்தா நான் உனக்குத் தெரியுறேனா?"

"ஏன் தெரியாம? நேத்து உன் சட்டையில மேல் பட்டனைக் காணோம். அதுகூடத் தெரிஞ்சுது."

கழுகு சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று பட்டன் அறுந்தது உண்மைதான்.

"நான் திமிரு பிடிச்சவ இல்ல. இரு, ஒண்ணு பார்த்துட்டு வரேன்" என்று மாடிக்கு ஓடினாள்.

அட்டையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாள். தள்ளி நின்று படிக்க அப்பா தரையில் போட்டிருந்த கோட்டில் போய் நின்றாள். இப்போது வாய்க்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. கண்ணுக்கோ, அடியில் தொங்கிய பெரிய 'ட'வைத் தவிர எல்லாம் புகை.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் கழுகு என்ற பெயர் போய்விடும். ஏமாற்றுக்காரி என்பார்கள். அவளிடம் இருந்ததே அந்த ஒரு பெயர்தான். சொல்லாவிட்டால்? மஞ்சள் வீட்டு ஜன்னலில் ஒருத்தி கை வலிக்க வலிக்கக் காட்டிக்கொண்டே இருப்பாள்.

அப்பா வந்தார். "என்ன குட்டி, அட்டை சிரசாசனம் செய்யுது?"

"படிச்சுக் காட்டுங்கப்பா."

அவர் கழுத்தைச் சாய்த்து, தட்டுத் தடுமாறி, எறும்பு வரியைக்கூடப் படித்துவிட்டார். "இப்போ நீ."

"அடியில பெருசா 'ட'. அவ்வளவுதான்ப்பா."

"விளையாடாத. பள்ளிக்கூடத்துல எப்படிப் படிச்சே?"

"வாய் படிச்சுது. கண்ணு சும்மா இருந்துச்சு."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "அப்போ என் பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டுறது?"

"எல்லா பஸ்ஸுக்கும் காட்டுவேன். ஏதாவது ஒண்ணுல நீங்க இருப்பீங்கல்ல?"

அப்பா அட்டையைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "கதவுல மாட்டி வெச்ச என்னைச் சொல்லணும்" என்றார்.

கண் டாக்டர் மூன்று பேரையும் பார்த்தார். கழுகுக்குக் கிட்டப்பார்வை. பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும், கண்ணாடி போட்டால் சரி. அம்மாவுக்குக் கண் சிவந்திருந்தது. நாள் முழுக்க ஊசியையே பார்க்காமல் நடுநடுவே தூரமாகவும் பார்க்கச் சொன்னார். அப்பாவுக்குப் பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி.

"பேப்பரைத் தள்ளிப் பிடிக்கக் கை நீளம் பத்தலைன்னுல்ல நினைச்சேன் டாக்டர்!" என்றார் அப்பா.

கண்ணாடியோடு தெருவுக்கு வந்ததும் கழுகு கடைப் பலகையைப் படித்தாள். பெயருக்குக் கீழே, 'படியில் உட்காராதீர்' என்று எழுதியிருந்தது. இத்தனை நாள் அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

டீச்சரிடம் அவளே சொன்னாள். வகுப்பு கொஞ்சம் சிரித்தது. முன் பெஞ்சில் சுருட்டை நகர்ந்து இடம் விட்டாள். பெயரும் போகவில்லை. கண்ணாடிக் கழுகு என்று இன்னும் கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான்.

அன்று மாலை வராந்தாவில் இரண்டு பேர் நின்றார்கள். முதல் பஸ் வந்தது. உள்ளே பெரிய மீசைக்காரர் ஒருவர். கழுகு நன்றாக எக்கி நின்று டாட்டா காட்டினாள்.

"அவரா உங்கப்பா?" என்றாள் சுருட்டை.

"இல்லையே."

"பின்ன எதுக்குக் காட்டுற? இப்போதான் தெரியுதுல்ல?"

"அவர் முதல்லயே கையைத் தூக்கிட்டாரு, பாரு. திருப்பிக் காட்டலைன்னா எப்படி இருக்கும்?"

சுருட்டை அவளை ஒரு முறை முறைத்தாள். "அதை என்கிட்டயே கேக்கறியா!" என்று சிரித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குத் தானும் கையைத் தூக்கினாள்.