கராம்புத் தொட்டியில் ஒரு பிணம்

"ஐயோ... முதலாளீ!"

காலை எட்டு மணி. வட்டகொடை மீன் பண்ணையே அந்த அலறலில் அதிர்ந்தது!

அப்போதுதான் வேலைக்கு வந்த நிலக்ஷி ஓடினாள். அலறியவன் அவள் புருஷன் சுதாகரன். பண்ணைக் காவலாளி.

மீன்களை மயக்கும் தொட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தார் முதலாளி கணேசமூர்த்தி. பின்மண்டையில் ரத்தம்...

தண்ணீரில் கராம்பு எண்ணெய் வாசம். எடை போடும்போது ட்ரவுட் மீன்கள் மிரண்டு துள்ளி அடிபடாமலிருக்க, நிலக்ஷிதான் அதை அளந்து கலப்பாள். இன்று முதலாளியே கலந்திருந்தார்.

பன்னிரண்டு மீன்கள் மல்லாந்து கிடந்தன. அவள் கை தானாக நீண்டது. அள்ளி நல்ல தண்ணீரில் விட்டாள்.

ஐந்தே நிமிடம்... அத்தனையும் நீந்தின!

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் செல்வரத்தினத்தின் ஜீப் வந்தது. உள்ளே விலங்கோடு நிலக்ஷியின் தம்பி பழனியாண்டி! சுதாகரன் போனில் பெயரைச் சொன்னதும் ரயில் ஸ்டேஷனில் பிடித்திருந்தார்கள்.

"ஏழு மணிக்கு மச்சான் வந்து முதலாளியோட சண்டை போட்டான் சார். ஒடனே ஓடிட்டான். அப்புறம் ஒரு ஈ காக்கா உள்ள போகல. கேட்டுல நாந்தான் நின்னேன்" என்றான் சுதாகரன்.

"அக்கா... சத்தம்தான் போட்டேன். அடிக்கலக்கா!"

என்ன சண்டை என்று நிலக்ஷிக்குத் தெரியும். நேற்று முதலாளி அவள் கையைப் பிடித்து இழுத்திருந்தார்.

"சார்! என் தம்பி இல்லீங்க!"

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"நான் அள்ளி விட்டதும் மீனெல்லாம் முழிச்சிருச்சுங்க. இந்த எண்ணெயில கால் மணித்தியாலம் கெடந்தா செவுள் நின்னுரும்... அப்புறம் பொழைக்காது. முதலாளி எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மீனைப் போட்டிருக்காரு. ஏழு மணிக்கே போனவன் எப்பிடிங்க கொல்லுவான்?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார்.

"அப்ப கொலை ஏழே முக்காலுக்குப் பிறகு..."

"ஆமாங்க சார்!"

"ஏழு மணிக்குப் பிறகு ஒருத்தரும் உள்ளுக்குப் போகேல்லை எண்டு சொன்னது ஆர்?"

நிலக்ஷி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

சுதாகரன் ஓடவில்லை. தலை மட்டும் குனிந்தது.

"ஏங்க... நீங்களா?"

"ஒன் கையைப் புடிச்சவனை வுட்டுறச் சொல்றியா?"

"அதுக்கு என் தம்பியை...?"

"அவன் தனிக்கட்டை. நமக்குப் பொம்பளப் புள்ள இருக்கு, நிலக்ஷி..."

தம்பியின் விலங்கு கழன்று புருஷன் கையில் மாட்டியது. விடுபட்ட தம்பி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஜீப்பில் ஏறிய சுதாகரன் திரும்பிச் சிரித்தான்.

"மீனுக்கெல்லாம் மயக்கம் குடுத்துட்டுத்தான் கை வைப்ப... புருஷனை மட்டும் பச்சையாவே அறுத்துட்டியேடி!"