கொடி அறுத்த மரங்கள்

இன்று மாலை ஐந்து மணிக்கு நிழற்காடு தீர்ப்பு எழுதும். எழுதிவிட்டால் மந்திரியே வந்தாலும் மாற்ற முடியாது, சட்டம் அப்படி. நாட்டிலுள்ள ஒவ்வொரு காட்டுக்கும் கணினிக்குள் இப்படி ஒரு நிழல் நகல் உண்டு. வெயில் ஏற ஏற எந்த மரம் சாகும், எது காற்றிலிருந்து எவ்வளவு கரிமத்தை உள்ளே இழுத்து வைக்கும் என்று நூறு வருடக் கதையை இன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிடும். பேயாற்று மலையை ஓட்டிப் பார்த்துவிட்டு, மனிதர் இல்லாவிட்டால் அங்கே கரிமம் இரட்டிப்பாகச் சேரும் என்றது. அங்கே வாழும் நாற்பது குடும்பமும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

நிழற்காட்டுக்கு அளவுகளை ஊட்டியவளே ஆய்வாளர் நவமணிதான். வேலி போட்டு ஆள் நுழையாமல் காத்த அறுநூறு மரங்கள் வெளியே உள்ளவற்றைவிட இருமடங்கு பருத்திருந்தன. இருமடங்கா? அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. வேலிக்குள் போக உரிமையுள்ள ஒரே ஆளான மல்லனை, அந்த மலைக்காரரை, தன் ஆய்வு நிலையத்துக்கு வரச்சொல்லி எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டாள். மணி நாலேகால்.

"கொடியோட சேத்து டேப்பச் சுத்துனா அளவு தப்பா வருமேம்மா. அதான் மொதல்ல கொடிய அறுத்துருவேன். பத்தொம்பது வருசமா அப்படித்தான்."

நவமணி தலையில் கைவைத்துக்கொண்டாள். டேப் மரப்பட்டையோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததே அவள்தானே! மேலேறி வெயிலைத் திருடும் கொடி வேலிக்குள் மட்டும் அறுபட்டால் அங்குள்ள மரம் பருக்காமல் என்ன செய்யும்? மனிதர் இல்லாததால் வளர்ந்த மரங்களா அவை? ஒரு மனிதரின் அரிவாளால் வளர்ந்தவை.

சொன்னால் பத்தொன்பது வருட உழைப்பும் பேரும் போச்சு. வாயை மூடிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மல்லனின் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. உள்ளதை உள்ளபடி தட்டி அனுப்பினாள். நிழற்காடு மறுபடி ஓடத் தொடங்கியது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பதில் வந்தது. குடும்பங்களை வெளியேற்றத் தேவையில்லை. நவமணிக்கு அழுகையே வந்துவிட்டது. மல்லனின் கையைப் பிடித்துக்கொண்டு மீதியையும் உரக்கப் படித்தாள். பேயாற்று மலையின் கொடிகள் அனைத்தும் வேரோடு அகற்றப்படும். வேலை தெரிந்த நாற்பது குடும்பங்களும் அதற்காக அங்கேயே இருத்தப்படும். அவர்கள் மலையைவிட்டு இறங்க அனுமதி இல்லை.

மல்லன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"நாங்க திங்கிற கெழங்கெல்லாம் கொடிக்குக் கீழதானேம்மா கெடக்கு?"

நவமணி பதறிப்போய் விசைப்பலகையின் மேல் குனிந்தாள். மணி ஐந்தாகியிருந்தது.