கத்தி படாத ஆபரேஷன்

நிலவுக் குடியிருப்பில் ஷிஃப்ட் முடிந்தால் எல்லோரும் மூன்றாவது மாடியிலிருந்து குதித்துத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஈர்ப்பு அங்கே குறைவு; காலை நேராக நீட்டிக்கொண்டால் அலுங்காமல் இறங்கிவிடலாம். சுடலைமுத்துவோ அன்று குதிக்கும்போதே கீழே நின்ற யாருக்கோ கையாட்டினார். கிடைத்த பலன், வலது விலாவுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு.

தோலில் ஒரு கீறல் இல்லை. உள்ளே ஈரல் கிழிந்திருந்தது. ஊடுநோக்கியால் வயிற்றைத் துழாவிய எந்திர மருத்துவர், பொய் சொல்லத் தெரியாத ரகம், உள்ளதை உள்ளபடி சொன்னது. "கசிந்த ரத்தம் தானாகவே நின்றுவிட்டது. அசையாமல் படுத்திருந்தால் ஈரல் தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் நான் கவனித்துக்கொண்டே இருப்பேன். மறுபடி கசிந்தால்தான் கத்தி. ஆனால் உடம்பு குலுங்கினால் உயிருக்கு ஆபத்து."

கத்தி வேண்டாம் என்றதும் சுடலைமுத்துவுக்கு உயிர் வந்தது. அவருடைய மைத்துனர் ஆவுடையப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஈரல் கிழிஞ்சு கெடக்கு, வேடிக்கை பாக்கேன்னு சொல்லுதே! இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா?" என்று குதித்தார். நிலவில் ஆத்திரத்தில் குதித்தால் தலை கூரையில் இடிக்கும். இடித்தது.

சேதி பரவி மாடி மாடியாக உறவினர் வந்து குவிந்தார்கள். ஒருத்தி தலையணையை உயர்த்தினாள், இன்னொருத்தி புரட்டிப் படுக்கவைக்கப் பார்த்தாள். "எந்திரிச்சு நாலு எட்டு நடங்க அண்ணாச்சி, ரத்தம் ஓடட்டும்" என்றார் ஒருவர். அடப்பாவி, அது ஓடக் கூடாது என்பதுதானே வைத்தியமே! சுடலைமுத்துவின் நாடி எகிறியது.

"மாப்ளையத் தூக்குங்க" என்றார் ஆவுடையப்பன். "பக்கத்துக் குடியிருப்புல போன உடனே அறுத்துருதாங்களாம்."

அங்கே போக, தாவித் தாவி ஓடும் பாய்வண்டிதான் உண்டு; அதன் குலுக்கலுக்கு ஈரல் தாங்காது. "அசைக்காதீங்கண்ணே!" என்று சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் கட்டிலின் குறுக்கே விழுந்து அழுதாள். யார் கேட்டார்கள்? நாலு பேர் கட்டிலில் கை வைத்துவிட்டார்கள்.

எந்திரம் ஒரு கணம் யோசித்தது. "இவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறேன்" என்றது. கட்டிலோடு அலுங்காமல் கொண்டும் போனது. அங்கே படுக்கவைத்து, கதவைச் சாத்தி, வேறொன்றும் செய்யாமல் நாடியைக் கவனித்துக்கொண்டிருந்தது.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்ததும் கூட்டம் கப்சிப். கதவைத் தட்ட யாருக்கும் துணிவில்லை. விளக்கு நாள்கணக்கில் எரிந்தது. "எம்மாம் பெரிய ஆபரேஷன்! சண்ட போட்டு நாந்தான் பண்ண வச்சேன்" என்று ஆவுடையப்பன் வெளியே மார்தட்டியது உள்ளே நன்றாகவே கேட்டது.

"கிறுக்குப் பயலுவ" என்று சுடலைமுத்து படுத்தபடியே சிரித்தார்.

ஒருவழியாக ஈரல் ஒட்டியது. வீட்டுக்குப் போகலாம் என்றது எந்திரம். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

"டாக்டர், எல்லாம் சரிதான். ஆனா நீங்க ஒண்ணுமே பண்ணலயே. போறதுக்கு முன்னால ஒரு ஊசியாவது போட்டு விடுங்களேன். மனசு ஆற மாட்டேங்கு."

"உங்களுக்கு எந்த மருந்தும் தேவையில்லை. போட்டால் வெறும் உப்புத் தண்ணீரைத்தான் போட வேண்டும்."

"அதனால என்ன?" சுடலைமுத்து இடுப்பைக் காட்டித் திரும்பி நின்றார். "கொஞ்சம் வலிக்கிற மாதிரி போடுங்க."